எழுபது முடிந்தவர்களின் பட்டியல்

எங்கள் ஊரில் என் காலத்தில் பிறந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று சர்ச் வயது, மற்றது பள்ளிக்கூட வயது. பிள்ளை பிறந்த சில வாரங்களில் ஞானஸ்நானம் கொடுத்து, பிறந்த தேதியைப் போதகர் தன் கையாலேயே சபையின் பெரிய ரிஜிஸ்டரில் எழுதிவிடுவார். அதுதான் அசல். ஐந்தாறு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, நாளைக்கு சர்க்கார் வேலை கிடைத்தால் கொஞ்ச நாள் கூட இருக்கட்டுமே என்று அப்பாவும் தலைமையாசிரியரும் பேசி வேறொரு தேதியை முடிவு செய்வார்கள். எனக்கு இரண்டு வருஷம் குறைத்தார்கள். அந்த இரண்டு வருஷமும் நான் ஆபீசில் கூடுதலாக உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன். அதைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஊரில் யாரும் நினைப்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு என்னைச் சபைச் செயலாளராகப் போட்டார்கள். எங்கள் ஊர் இருக்கும் புதுக்கடைப் பக்கத்துச் சபைகளில் அது பெரிய பதவி ஒன்றுமில்லை. நோட்டீஸ் அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிப்பது, யார் வீட்டில் ஜெபக்கூட்டம் என்று பார்ப்பது, இவ்வளவுதான். ஆனால் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் ஆணுக்கு இது பெரிய பிடிமானம். என் மனைவியும் நிம்மதியாக இருந்தாள். பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் எழுதினால் தப்பு வராது என்று ஆபீசில் எனக்கொரு பேர் இருந்தது. அந்தப் பேரை சர்ச்சிலும் வாங்கிவிட வேண்டும் என்று ஆசை.

இப்போது அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா என்று இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அன்றெல்லாம் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வா போ என்றுதான் பேசுவேன்.

அவர் எங்கள் சபைக்காரர்தான். சின்ன வயதிலேயே கேரளத்துக்கு வேலைக்குப் போய், வீடுகளில் தங்கிப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதே தொழிலாக இருந்தவர். கல்யாணம் ஆகவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குத் திரும்பி வந்து, தம்பி மகன் வீட்டில் இருந்தார். தம்பி இறந்துவிட்டார். சிவந்த, ஒல்லியான உடம்பு. தலையில் நரை கொஞ்சம்தான், அதுவும் இயற்கையாக அப்படி. நடந்தால் பின்னால் வருகிறவர்கள் ஓட வேண்டும். பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுவார். ஐம்பத்தெட்டு, மிஞ்சிப்போனால் அறுபது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில் ஒரு வளைகுடாக்காரர் வீட்டில் வேலை. வீட்டுக்காரரின் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். காலையில் போய், அந்த அம்மாவைக் குளிப்பாட்டி, தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்து, சாப்பாடு கொடுத்து, சாயங்காலம் திரும்புவார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். என்னை அண்ணே என்று கூப்பிடுவார். ஊரே என்னை சார் என்கிறது. இவர் மட்டும் ரோட்டில் அந்தப் பக்கத்திலிருந்தே, ‘அண்ணே, எங்க போறிய?’ என்று சத்தமாகக் கேட்பார். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தலைக்குச் சாயம் அடிக்கிற ஆளுக்கு அது எப்படிக் காதில் விழும் என்று அடிக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

ஒரு கல்யாண வீட்டில்தான் அது முற்றியது. சாப்பாட்டுப் பந்தி நிரம்பி, நான் பழைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேருடன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள்தான் சாயம் அடித்திருந்தேன். இவர் எங்கிருந்தோ பார்த்துவிட்டார்.

“அண்ணே, இஞ்ச வந்து இரிங்க. வயசான காலத்துல எத்தற நேரம் நிப்பிய?” என்று கூப்பிட்டார். உட்கார்ந்திருந்த ஒரு இளம்பெண்ணைத் தட்டி, “மக்களே, கொஞ்சம் எழும்பிக் குடு. அண்ணனுக்குக் கால் கடுக்கும்லா” என்றார்.

அந்தப் பெண் படக்கென்று எழுந்து, “இருங்க தாத்தா” என்றாள். நண்பர்கள் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். இலையில் என்னென்ன விழுந்தது என்று இப்போது கேட்டால் தெரியாது. பாயசம் வரைக்கும் உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னால், அவளும் சிரித்தாள்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். சர்ச் ஆபீசில் தனியாக உட்கார்ந்து, ஓரம் பூச்சி அரித்த ஒரு ரிஜிஸ்டரிலிருந்து வரிவரியாக டைப் செய்துகொண்டிருந்தேன். ஒரு வரியில் கை நின்றது. அவருடைய பேர். தகப்பன் பேரும் வீட்டுப் பேரும் பொருந்தின. பிறந்த தேதியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பக்கத்தில் கிடந்த காகிதத்தில் இரண்டு தடவை கழித்துப் பார்த்தேன். எழுபத்தொன்று. என் சர்ச் வயதை வைத்துப் பார்த்தாலும் என்னைவிட ஐந்து வருஷம் மூத்தவர். எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சத்தமாகவே சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது. சிக்கினாய் என்கிற சிரிப்பு.

அந்த வருஷம் மூத்தோர் ஞாயிறு கொண்டாட வேண்டும் என்று போதகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எழுபது முடிந்தவர்களை ஆராதனையில் பேர் வாசித்து அழைத்து, பொன்னாடை போர்த்தி, ஒரு ஃபிளாஸ்க் கொடுப்பது. பட்டியல் என் பொறுப்பு. இப்படிப்பட்ட காரியங்களில் எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. ஒரு வாரம் முன்னாலேயே செயலாளர் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்து நிற்பார்கள். உடம்புக்கு முடியாதவர்கள், மனசுக்குப் பிடிக்காதவர்கள் வேண்டாம் என்று சொல்லவும் அதில் இடம் உண்டு. நான் பதினேழு வீட்டுக்குப் போனேன். பதினெட்டாவது பேர் அவருடையது. அந்த வீட்டுக்குப் போகவில்லை.

மனைவி பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “இது யாரு? நம்ம கொயர்ல பாடுதாவளே, அவியளா? எழுபதா?”

“எழுபத்தொண்ணு.”

“அவியட்ட சொன்னியளா?”

“சும்மா இரி. சந்தோசப்படுவா” என்றேன்.

சந்தோஷப்படுவார் என்று நான் நினைக்கவில்லை. அதை இப்போது ஒளிக்க முடியாது. ஊர் முன்னால் அவர் வயது வெளிவரும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு என்னை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும், இவ்வளவுதான் என் மனதில் இருந்தது. அதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டேன். பொன்னாடை வாங்கப் போனபோது அவருக்கென்று நல்ல நிறமாக ஒன்று பார்த்துக்கூட எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துப் படியில் நின்று நான் வாசித்தேன். பேர், பிறந்த தேதி. ஒவ்வொருவராக வந்தார்கள். கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள், பேரப்பிள்ளைகள் படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். கடைசியாக அவர் பேர். யாரும் எழவில்லை. பாடகர் குழு என் வலது பக்கத்தில்தான் இருந்தது. அவர் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே, யார் வரப்போகிறார்கள் என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதே பேரில் வேறு யாரோ என்று நினைத்திருக்கிறார்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஆள் வரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிப் பட்டியலை மடித்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் தகப்பன் பேரையும் வீட்டுப் பேரையும் சேர்த்து இரண்டாவது தடவை வாசித்தேன். தேதியைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன்.

பக்கத்தில் இருந்த பெண் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். அவர் எழுந்தார். சபையில் ஒரு சலசலப்பு. அவரைப் பிடித்துக் கூட்டிவர யாரும் இல்லை, தம்பி மகன் வீட்டில் யாருக்கும் தெரியாதே. பத்தடி தூரம். எப்போதும் விறுவிறுவென்று நடக்கிறவர், அன்றைக்கு ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். போதகர் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் மற்றவர்களுக்கு விழுந்ததைவிட அதிகம். என் கையிலிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கும்போது, சிரித்த முகத்தை மாற்றாமலேயே மெதுவாகச் சொன்னார்.

“அண்ணே, ஒரு வாக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா.”

“சர்ப்ரைஸ்” என்றேன்.

எங்கள் சபையில் பாதி வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருப்பதால், ஆராதனையை நேரலையில் போடுகிறோம். அங்கே ஞாயிறு வேலை நாள்தான். ஆனாலும் இடைவேளையில் போனைத் திறந்து, ஊர் முகங்களைப் பார்த்துக்கொள்வார்கள். அவர் வேலை பார்த்த வீட்டுக்காரரும் பார்த்திருக்கிறார்.

புதன்கிழமை காலையில் அக்கா சர்ச் ஆபீசுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அண்ணே, நான் வேலைக்குப் போற வீட்டுல அந்த அம்மைக்க மவன் வீடியோல பாத்திட்டு போன் பண்ணியிருக்கு. எழுபத்தொண்ணு வயசுள்ள ஆளா எங்கம்மைய தூக்குதுன்னு கேட்டுதாம். ரெண்டு பேரும் சேந்து விழுந்தா யாரு தூக்கன்னு கேட்டுதாம். அந்த அம்மைக்கு அறுபத்தெட்டுதான் ஆவுது. மூத்தவள வச்சு எளையவளுக்குப் பீ மூத்திரம் அள்ள வச்சா நமக்குப் பாவம் பிடிக்கும்னும் சொல்லிச்சாம்.”

நான் திறந்திருந்த ரிஜிஸ்டரை மூடி வைத்தேன்.

“அந்த வீட்டு மருமவ நல்ல பிள்ள. சர்ச்சுல தப்பா டைப் செஞ்சிருப்பாவன்னு அதுவே சொல்லிச்சு. எனக்க ஆதார்ல அறுபத்தொண்ணுதான் கெடக்கு. ஆதார் எடுக்க வந்தவன் கேட்டான், நான் ஒரு வருசத்தச் சொன்னேன், எழுதினான். செக்ரட்டரி சார் ஒரு வார்த்த போன்ல சொன்னா மதி, அது போதும், மாமியப் பாக்க நீங்களே வாருங்கன்னு சொல்லிச்சு.”

அந்த வார்த்தையைச் சொல்வதில் எனக்கு என்ன நஷ்டம்? செயலாளர் ஒரு தேதியைத் தப்பாக வாசித்தார் என்று ஒரு வீட்டில் நினைப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் நான் எழுதினால் தப்பு வராது என்கிற அந்தப் பேர் குறுக்கே வந்து நின்றுகொண்டது.

“ரிஜிஸ்டர்ல இருக்கியத இல்லன்னு நான் எப்படிச் சொல்ல? அது சபைக்க ரிக்கார்டு. ஆண்டவருக்க சந்நிதியில வாசிச்சது” என்றேன்.

“ரிஜிஸ்டரத் திருத்தண்டாம் அண்ணே. வாயால சொன்னா மதி.”

“வாயால சொன்னாலும் பொய் பொய்தானே.”

அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு சொன்னார். “வேலன்னு ஒண்ணு இருந்தா நான் காலையில எறங்கிப் போவேன், வைகிட்டு வருவேன். தம்பி மவன் வீட்டுல எனக்க கட்டில் எனக்க கட்டிலா கெடக்கும். வேல இல்லன்னா நானும் அந்த வீட்டுல ஒரு கெடப்புக்காரிதான். கெடப்புக்காரிய எப்படிப் பாப்பாவன்னு எனக்குத் தெரியும் அண்ணே. நாப்பது வருசம் அதத்தான் பாத்திருக்கேன்.”

இதைக் கேட்ட பிறகும் நான் பேசினேன். வயது என்பது வெட்கப்படக்கூடிய விஷயமா என்று கேட்டேன். நரைத்த தலையைப் பற்றி வேதத்தில் இருக்கும் வசனத்தையும் எடுத்துவிட்டேன். அவர் என் தலையை ஒரு தரம் பார்த்தார்.

“செரி அண்ணே. நீங்க சொல்லியதும் செரிதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் வரைக்கும் எனக்குப் பெருமையாகவே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“நீங்க ரெண்டு வருசம் கூட ஆபீசுல இருந்தியளே, அன்னைக்கு எந்த ரிக்கார்டக் காட்டினிய?”

கையை உதறிவிட்டு எழுந்துவிட்டேன். அதுவும் இதுவும் ஒன்றா என்று கத்தினேன். எல்லோரும் செய்தது அது, ஹெட்மாஸ்டர் எழுதியது, எனக்கென்ன தெரியும் ஆறு வயதில் என்றெல்லாம் கத்தினேன். அவள் என் தட்டை மூடி வைத்துவிட்டுத் தன் தட்டில் சாப்பிட்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாடகர் குழு நடத்துகிறவர், “அம்மச்சி, இனி நீங்க நின்னு பாட வேண்டாம், முன்னால இருந்து கேட்டா போதும்” என்று அவரை முதல் வரிசையில் உட்காரவைத்தார். அந்த வரிசை, முதுகு சாய முடியாதவர்களுக்கும் காது கேட்காதவர்களுக்கும். அக்கா என்று கூப்பிட்ட பெண்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் பாட்டி முறை வைத்து அம்மச்சி என்று மாறினார்கள். படியில் ஏறும்போது இரண்டு பக்கமும் கையைப் பிடித்தார்கள். முதல் வாரம் அவர் கையை விடுவித்துக்கொண்டார். இரண்டாம் வாரம் விட்டுவிட்டார். மூன்றாம் வாரம் பிடிப்பதற்கு ஆள் வரும்வரை அவரே கீழே நின்றதைப் பார்த்தேன். திருவிருந்துக்கு அவர் எழுந்து வர வேண்டாம் என்று போதகரே அப்பத்தை அவர் இருக்கைக்குக் கொண்டுபோனார். எல்லாம் மரியாதைதான். ஒருவர்கூட ஒரு குறைந்த வார்த்தை சொல்லவில்லை. முந்தின மாதம் வரைக்கும் ஒரு ஆளைத் தூக்கி நாற்காலியில் வைத்த உடம்பு அது.

வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நானாகப் போய் விசாரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தால் எப்போதும் போலத்தான் பேசினார். அண்ணே என்றுதான் கூப்பிட்டார். எனக்குத்தான் அது காதில் விழும்போதெல்லாம் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது.

அறுப்பின் பண்டிகை நோட்டீஸ் கொடுக்கத் தம்பி மகன் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. தம்பி மகனின் மனைவி நல்லபடியாக வரவேற்றாள்.

“இனி எங்கயும் வேலைக்குப் போவாண்டாம்னு அத்தைட்ட சொல்லியாச்சு சாரே. எழுபது ஆச்சுல்லா. ஊருல நம்மளத்தானே கொற சொல்லுவாவ” என்றாள்.

“எங்க இருக்காவ?”

அவள் பின்பக்கம் கையைக் காட்டினாள். அடுக்களைக்கு வெளியே தகரம் போட்டு இறக்கியிருந்த சாய்ப்பில் ஒரு கட்டில். பக்கத்தில் காலி கேஸ் சிலிண்டரும் தேங்காய்க் குவியலும். பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு, படிக்க ஒரு ரூம் வேண்டும், அத்தையே மாறிக்கொள்கிறேன் என்று சொன்னார்கள் என்றாள். கட்டிலில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலை பதினொரு மணி. தூங்கவில்லை என்பது தெரிந்தது. நான் கூப்பிடாமல் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மற்ற வீடுகளுக்கு அன்றைக்கு நோட்டீஸ் கொண்டுபோகவில்லை.

மறுநாள் தேங்காய்ப்பட்டணம் ரோட்டில் அந்த வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மருமகள் கதவைத் திறந்தாள். உட்காரவைத்து, சாயாவும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்து வைத்தாள். நான் சாயாவைத் தொடுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன்.

“மக்களே, ஒரு காரியம் சொல்ல வந்தேன். அன்னைக்கு அந்த அக்காக்க வயச நான் தப்பா வாசிச்சிட்டேன். டைப் பண்ணும்போ வரி மாறிப்போச்சு. அவியளுக்கு அறுபத்தொண்ணுதான். தப்பு எனக்குள்ளது. திரும்பவும் வேலைக்கு வச்சுக்கிடணும்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

“சாரே, நீங்க இதச் சொல்லத்தான் வந்திருப்பியன்னு கதவத் தொறக்கும்போதே நெனச்சேன். அக்கா எல்லாம் எங்கிட்ட சொல்லியாச்சு.”

“என்ன சொன்னாவ?”

“நான்தானே அவியள உங்ககிட்ட அனுப்பினேன். அன்னைக்கே திரும்பி வந்தாவ. நீங்க அவியளுக்காவ பொய் சொல்ல ஒத்துக்கிட்டியளாம். சபைல எல்லாருக்க முன்னாலயும் தப்பு எனக்குள்ளதுன்னு சொல்லுதேன், நீ பேடிக்காதன்னு சொன்னியளாம். அவியதான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தாவளாம். ‘அந்த மனுசன் எழுதினதுல ஒரு தப்பு கெடையாது. எனக்காவ அவரு பேரக் கெடுக்கப்பிடாது. வயசக் கொறச்சுச் சொன்னது நான்தான்’னு சொல்லி, அழுதிட்டே போனாவ. நாங்களும் வேற வழியில்லாம விட்டோம். உங்களப்போல ஒரு ஆளு இந்தக் காலத்துல உண்டுமா சாரே?”

நான் மறுக்க வேண்டும். இல்லை மக்களே, நான் அப்படிச் சொல்லவில்லை, அவரை நிறுத்தி வைத்துப் பிரசங்கம் செய்து அனுப்பினேன் என்று சொல்ல வேண்டும். நான்கு வார்த்தை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, “விடுங்க சாரே, வருத்தப்படாதிய. சாயா ஆறுது, குடிங்க” என்றாள். நான் குடித்தேன். அக்கா எனக்கு வாங்கிக் கொடுத்த நல்ல பேரை வாங்கி வைத்துக்கொண்டு அந்தச் சாயாவைக் குடித்தேன்.

ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வருகிறாள், இருபத்தைந்து வயது, வேலையெல்லாம் சரியாகத்தான் செய்கிறாள், ஆனால் மாமி அவள் கையால் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மருமகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஏஜென்சியிடம் ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். இனி மாற்ற முடியாது.

அப்போது உள் அறையிலிருந்து குரல் வந்தது. கனத்த, இழுத்து இழுத்துப் பேசுகிற குரல்.

“யாரு வந்திருக்கா? பிள்ளையா? பிள்ளே, வந்தியா?”

“இல்ல மாமி. சர்ச்சுல உள்ள செக்ரட்டரி சாரு” என்று மருமகள் இங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் குனிந்து, “அக்காவத்தான் பிள்ளேன்னு கூப்பிடுதாவ. சர்ச்சுல ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்காவ, முடிஞ்சதும் வருவாவன்னு மாமிட்ட சொல்லி வச்சிருக்கோம் சாரே. இல்லேன்னா ஒரு வாய் சோறு எறங்காது” என்றாள்.

பிறகு அந்தக் குரல் மறுபடியும் வந்தது.

“செக்ரட்டரியா? அப்பம் அவர்ட்ட கேளு. எனக்க பிள்ளைய எப்பம் விடுவாவன்னு கேளு.”

மருமகள் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நான் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அறைப் பக்கம் திரும்பி, அந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

“சீக்கிரம் விட்டிருவோம் அம்மா.”

அந்தப் பொய் ஒரு தடங்கலும் இல்லாமல் என் வாயிலிருந்து வந்தது.